ஹோமரின் வரிகளைச் சந்தேகித்த கிரேக்க இலக்கண அறிஞர்கள்: யார் இவர்கள், எப்படிப் பிழைத்தார்கள்?

முதல்வாசகன் எழுதியது:

இலியட்டை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் காண்டம் வரை வந்தாயிற்று. கதை ஓடுகிறது, அடிக்குறிப்புதான் காலைப் பிடித்து இழுக்கிறது. சில பக்கங்களுக்கு ஒருமுறை "இவ்வரியை ஜெனோடோட்டஸ் ஏற்கவில்லை", "அரிஸ்டார்க்கஸ் ஐயுற்றார்" என்று வருகிறது. பீனிக்ஸ் கிழவர் தன் அப்பாவைக் கொல்ல நினைத்ததாகச் சொல்லும் நாலு வரிகளை (458 முதல் 461 வரை) அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். எந்தக் கைப்பிரதியிலும் அவை இல்லையாம். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் மட்டும் எடுத்துக்காட்டியிருக்கிறார், அரிஸ்டார்க்கஸ் பயந்துபோய் நீக்கிவிட்டார் என்றும் அவரே சொல்கிறார்.

மூன்று கேள்விகள். இந்த ஆட்கள் யார், எதை வைத்துப் பிழைத்தார்கள்? ஹோமருக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களுக்கு அவர் வரியைத் தள்ள யார் உரிமை கொடுத்தது? நான் இப்போது படிப்பது ஹோமரையா, இவர்கள் வெட்டி ஒட்டியதையா? பெயரும் ஆண்டுமாகப் பட்டியல் வேண்டாம். தெரிந்தவர்கள் கதையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


ஓரக்குறிப்பு எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அவர்கள் தள்ளிய வரிகளில் பெரும்பாலானவை உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. இருப்பதால்தானே அடிக்குறிப்பு போட முடிகிறது! எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்த இந்த அறிஞர்கள் ஒரு வரியை நம்பவில்லை என்றால், பொதுவாக அதை அழிக்க மாட்டார்கள். இடது ஓரத்தில் சின்னதாக ஒரு படுக்கைக் கோடு இழுப்பார்கள். அதற்கு ஓபலஸ் என்று பெயர். "இது ஹோமருடையது இல்லை என்று நினைக்கிறேன், நீயும் படித்துப் பார்" என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள்.

என் பிழைப்பு மெய்ப்பு பார்ப்பது. பிறர் எழுத்தின் ஓரத்தில் குறி போட்டே வயதாகிவிட்டது. அதனால் இவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, சார்போடுதான் பேசுவேன்.

கோட்டைத் தொடங்கி வைத்தவர் எபேசஸ் ஊர் ஜெனோடோட்டஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் தலைவர். எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் பல ஊர்களிலிருந்து ஹோமர் பிரதிகளை வாங்கிக் குவித்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒரு பிரதியில் இருக்கும் வரி அடுத்ததில் இருக்காது. எவனாவது உட்கார்ந்து இதை ஒழுங்கு செய்யத்தான் வேண்டும். நீங்கள் கேட்ட "உரிமை" இதுதான்: முன்னால் கிடந்த சுருள்களின் குழப்பம்.

ஜெனோடோட்டசுக்குச் சூடு அதிகம். மூன்றாம் காண்டத்தில் அப்ரோடைட்டி தெய்வம் ஹெலனுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறாள் அல்லவா? ஒரு தெய்வம் மனுஷிக்கு நாற்காலி தூக்குவதாவது, அசிங்கம் என்று அவர் அந்த வரிகளை ஏற்கவில்லை. அவருக்கு நூறாண்டு பிந்திய அரிஸ்டார்க்கஸ் இதைப் பார்த்துவிட்டு, ஐயா மறந்துவிட்டார், அவள் அங்கே கிழவி வேஷத்தில் வந்திருக்கிறாள், கிழவி நாற்காலி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும். முன்னவர் தன் காலத்து மரியாதையை வைத்து அளக்கிறார், பின்னவர் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

இருவருக்கும் நடுவில் வருபவர் பைசாண்டியத்து அரிஸ்டாஃபனீஸ். நாடகம் எழுதிய அரிஸ்டாஃபனீஸ் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரேக்க எழுத்தின் தலையில் இன்று நாம் பார்க்கும் ஏற்ற இறக்கக் குறிகளை அமைத்தவர் என்று மரபு சொல்லும். அதற்கு முன் எல்லாம் பெரிய எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளிகூடக் கிடையாது. பிண்டார் போன்றவர்களின் இசைப்பாடல்களை உரைநடை மாதிரி ஓட்டமாக எழுதி வைத்திருந்ததை அடி அடியாகப் பிரித்ததும் இவர் பெயரில்தான் இருக்கிறது. வேறிடத்திலிருந்து திரும்ப வரும் வரிகளுக்கு நட்சத்திரக் குறி போட்டார்.

இவர் எப்படி நூலகத் தலைவரானார் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு கதை சொல்கிறார். அரசர் ஒரு கவிதைப் போட்டி வைத்தார். ஆறு நடுவர்கள் கிடைத்தார்கள், ஏழாவது ஆள் வேண்டும். தினமும் நூலகத்துக்கு வந்து வரிசையாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள் உண்டு என்றார்கள். ஆறு பேரும் கூட்டம் கைதட்டியவருக்குப் பரிசு என்றார்கள். அரிஸ்டாஃபனீஸ், யாருக்கும் பிடிக்காத கவிஞருக்குத்தான் பரிசு என்றார். கூட்டம் கொதித்தது. அவர் எழுந்து போய், எந்த அலமாரியில் எது இருக்கிறது என்ற நினைவை மட்டும் வைத்துச் சுருள்களை அள்ளிக்கொண்டு வந்து விரித்துக் காட்டினார். மற்றவர்கள் படித்ததெல்லாம் திருட்டு. இந்த ஒருவர்தான் சொந்தமாக எழுதியவர். நடந்ததோ இல்லையோ, மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வீரக்கதை கிடையாது.

இன்னொரு கதையும் இவர் தலையில் உண்டு. அலெக்சாந்திரியாவில் பூமாலை விற்கும் ஒரு பெண்ணை இவர் விரும்பினார், அதே பெண்மீது ஒரு யானைக்கும் காதல். பிளினியும் புளூட்டார்க்கும் இதை ஒன்றும் நடக்காத மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். சந்தை வழியாகப் போகும்போதெல்லாம் யானை அவளுக்குப் பழம் கொண்டுவந்து கொடுக்குமாம். இலக்கண அறிஞர் என்ன கொடுத்தார் என்று குறிப்பு இல்லை. முதுமையில், பெர்கமம் அரசரிடம் ஓடிப்போகத் திட்டமிட்டார் என்ற சந்தேகத்தில் அவரைச் சிறையில் போட்டதாகச் சூடா என்ற பைசாண்டியக் கலைக்களஞ்சியம் சொல்கிறது. அன்றைக்கு நல்ல உரைகாரரை அடுத்த நாட்டுக்கு விடமாட்டார்கள் போலிருக்கிறது.

இனி அரிஸ்டார்க்கஸ். சாமோத்ராஸ் தீவுக்காரர், சுமார் கி.மு. 216 முதல் 144 வரை வாழ்ந்தவர். உரைநூல்கள் மட்டும் 800 சுருளுக்கு மேல் எழுதினார் என்கிறது சூடா. ஒன்றுகூட முழுதாக நம் கைக்கு வரவில்லை. அவருடைய முறையைப் பிற்காலத்தில் ஒரு வாக்கியத்தில் சொன்னார்கள்: ஹோமரை ஹோமரைக் கொண்டே விளக்கு. ஒரு வழக்கம் புரியவில்லையா, இதே கவி வேறெங்கே அதைச் சொல்கிறார் என்று தேடு. அப்புறம் தீர்ப்புச் சொல்.

அவர் ஓரக்குறிகளை ஒரு முழு ஏற்பாடாகவே ஆக்கினார். ஓபலஸ் என்றால் ஐயம். ஓபலசும் நட்சத்திரமும் சேர்ந்து வந்தால், இந்த வரி வேறிடத்தில் சரி, இங்கே தப்பாக நுழைந்திருக்கிறது. பக்கவாட்டில் கூர்மையான ஒரு கோணக்குறி என்றால், இங்கே கவனிக்க விஷயம் உண்டு, உரையில் பார். அதே கோணக்குறிக்குப் புள்ளிகள் வைத்தால்? இங்கே ஜெனோடோட்டஸ் சொன்னது எனக்கு உடன்பாடில்லை! செத்துப் பல வருஷமான ஒரு முன்னோடியோடு சண்டை போடுவதற்கென்றே தனிக் குறி. குறி பாட்டின் ஓரத்தில் இருக்கும், காரணம் வேறு சுருளில் இருக்கும். வாசகன் இரண்டையும் பக்கத்தில் விரித்து வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரு நல்ல உதாரணம் பைலமெனீஸ். ஐந்தாம் காண்டத்தில் இந்த அரசன் கொல்லப்படுகிறான். பதின்மூன்றாம் காண்டத்தில் மகனின் பிணத்துக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்து வருகிறான். பழைய உரைகளில் இதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள்: ஒரே பெயரில் இரண்டு பேர், அல்லது இந்த இரு வரி இடைச்செருகல். இன்று வரைக்கும் தீரவில்லை. ஹோமருக்குக் கொஞ்சம் கண் அசந்துவிட்டது என்பது என் கட்சி, அதைச் சொல்ல அலெக்சாந்திரியாவில் ஆளில்லை.

அரிஸ்டார்க்கஸின் முடிவு பரிதாபம். கி.மு. 145இல் எட்டாம் தாலமி ஆட்சியைப் பிடித்து, எதிர்த்தரப்பைத் தேடித்தேடி ஒழித்தான். இவன் அரிஸ்டார்க்கசிடமே பாடம் கேட்டவன். தானும் ஹோமரைத் திருத்தியவன்: ஒடிஸியில் வரும் கலிப்சோவின் குகைக்கு முன்னால் ஊதாப்பூ இருக்க முடியாது, நீர்ச்செடிதான் இருந்திருக்கும் என்று ஒரு திருத்தம் அவன் பெயரில் இருக்கிறது. கிழவர் சைப்ரசுக்கு ஓடினார். உடல் வீங்கும் நீர்க்கோவை நோய் முற்றி, உணவை நிறுத்தி, 72 வயதில் இறந்தார். இரண்டு மகன்கள், இருவருக்கும் புத்தி மட்டு. அப்பா பெயரையே கொண்டவனை அடிமையாக விற்றுவிட்டார்கள், அவன் ஏதென்சுக்கு வந்தபோது ஊரார் பணம் கட்டி மீட்டார்கள். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த ஒரு பப்பைரஸில் நூலகத் தலைவர்கள் வரிசை இருக்கிறது. அரிஸ்டார்க்கசுக்கு அடுத்த பெயர் கிடாஸ், ஈட்டிப்படையைச் சேர்ந்தவர். ஜெனோடோட்டஸ் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு சிப்பாய்.

அவர் எழுதியதெல்லாம் போனபின் நமக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். அடுத்தடுத்து நாலு பேர் அவர் கருத்துகளைத் தொகுத்தார்கள். டிடிமஸ் அவர் சரியென்று கொண்ட சொல்வடிவங்களை, அரிஸ்டோனிக்கஸ் குறிகளின் காரணங்களை, நிக்கானர் நிறுத்தக்குறிகளை, ஹெரோடியன் ஒலிப்பை. அந்த நாலும் சுருங்கிச் சுருங்கி, 10ஆம் நூற்றாண்டில் தோல் ஏட்டில் எழுதிய ஓர் இலியட் பிரதியின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. அது வெனிஸ் மார்சியானா நூலகத்தில் இருக்கிறது. 1788இல் பிரெஞ்சு அறிஞர் வில்வாசோன் அதை அச்சிட்ட பிறகுதான் ஐரோப்பாவுக்கே அரிஸ்டார்க்கஸ் என்ன சொன்னார் என்று தெரிந்தது. நாலில் ஒருவரான டிடிமஸ் பற்றி மட்டும் ஒரு வரி: 3,500 சுருள் எழுதினார் என்கிறார் அதீனியஸ், 4,000 என்கிறார் செனெகா. வெண்கலக் குடல்காரர் என்று பட்டம். எழுதியதை அவரே மறந்துவிடுவார். யாரோ ஒரு கதையைச் சொன்னபோது "சுத்த அபத்தம்" என்று மறுத்தார், அந்தக் கதை இருந்த அவருடைய புத்தகத்தையே எடுத்து நீட்டினார்கள். இதைச் சொல்பவர் குயின்டிலியன்.


எதிர்த்தரப்பு எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா, ஆனால் இவ்வளவு வெள்ளையடிக்க வேண்டாம். கோடு மட்டும்தான் போட்டார்கள் என்பது முழு உண்மை இல்லை. ஜெனோடோட்டஸ் சில வரிகளைத் தன் பிரதியில் எழுதவே இல்லை, சிலவற்றைச் சுருக்கினார், சொல்லை மாற்றினார். அந்தக் காலத்திலேயே இதைக் கிண்டல் செய்த ஆள் உண்டு: ஃப்லியஸ் ஊர் டைமன். ஹோமரின் நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று கவிஞர் அராட்டஸ் கேட்டபோது, "பழைய பிரதி கிடைத்தால் எடுத்துக்கொள், இப்போது திருத்தி வைத்திருக்கிறார்களே அதைத் தொடாதே" என்றாராம். அலெக்சாந்திரியா அறிஞர்கள் மியூஸ்கள் என்ற கலைத் தெய்வங்களின் கூண்டில் தீனி தின்றுகொண்டு ஓயாமல் கொத்திக்கொள்ளும் பறவைகள் என்றும் அவர்தான் சொன்னார். அரசர் செலவில் சாப்பாடு, பொதுக் கூடம், நடைபாதை எல்லாம் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கூண்டு வசதியான கூண்டு.

பெர்கமத்தில் கிரேட்டீஸ் இருந்ததையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஹோமருக்குள் வானவியலும் பூகோளமும் ஒளிந்திருக்கிறது என்று படித்தவர், பெரிய பூமி உருண்டை ஒன்றைச் செய்து காட்டியவர். கி.மு. 168 வாக்கில் ரோமுக்குத் தூது போனார். பாலட்டைன் பகுதியில் சாக்கடைத் திறப்பில் கால் விழுந்து எலும்பு முறிந்தது. குணமாகும் வரை படுக்காமல் தினம் சொற்பொழிவு ஆற்றினார். ரோமில் இலக்கணப் படிப்பு பிறந்ததே அந்தக் கால் முறிந்ததால்தான் என்கிறார் சுயிடோனியஸ்.

அப்புறம் முதல்வாசகன் கேட்ட முக்கியமான விஷயத்துக்கு, அதாவது அந்த பீனிக்ஸ் வரிகளுக்கு, நீங்கள் பதிலே சொல்லவில்லை.


ஓரக்குறிப்பு எழுதியது:

கிரேட்டீஸை வேண்டுமென்றேதான் விட்டேன், எனக்கு ஆகாத ஆள். கால் முறிந்த கதை மட்டும் பிடிக்கும். ஜெனோடோட்டஸ் பற்றிச் சொன்னது சரி, அவர் கை நீளம்தான். முதல் காண்டத்தின் நாலாம், ஐந்தாம் வரிகளுக்கே கோடு போட்டவர்: மாண்டவர்கள் நாய்களுக்கு இரையானார்கள், பறவைகளுக்கு விருந்தானார்கள் என்று வருமே, அந்த இடம். ஆனால் பாருங்கள், அந்த வரிகள் எல்லாப் பிரதியிலும் இருக்கின்றன. அதனால்தான் பீனிக்ஸ் வரிகள் விஷயத்தில் எனக்குப் புளூட்டார்க்கிடம் சந்தேகம். அரிஸ்டார்க்கஸ் கோடு போட்ட நூற்றுக்கணக்கான வரிகள் உயிரோடிருக்க, இந்த நாலை மட்டும் நாடெங்கும் உள்ள எல்லாப் பிரதியிலிருந்தும் அவரால் எப்படித் துடைக்க முடியும்? அவர் பார்த்த நல்ல பிரதிகளில் அவை இல்லாமலே இருந்திருக்கலாம், வேறொரு மரபில் புளூட்டார்க்குக்குக் கிடைத்திருக்கலாம். ஒன்பதாம் காண்டத்தில் அவை பொருந்துகின்றன என்பதையும் மறுக்க மாட்டேன். பெரியவர் தன் பழைய கோபத்தைச் சொல்லி அக்கிலீசின் கோபத்தைத் தணிக்கப் பார்க்கிறார், அந்த இடத்தில் இப்படி ஒரு வாக்குமூலம் வருவது நியாயம்தான்.

இவர்களால் ஹோமர் பிரதிகளில் மாறியது வேறு. அரிஸ்டார்க்கசுக்கு முந்திய பப்பைரஸ் துண்டுகளில் கூடுதல் வரிகள் சகட்டுமேனிக்கு வரும். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு அவை குறைந்து, வரி எண்ணிக்கை ஏறக்குறைய இன்று நாம் படிக்கும் அளவில் நின்றுவிடுகிறது. அவர் சொன்ன சொல் மாற்றங்களைப் பிரதி எடுத்தவர்கள் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. எத்தனை வரி என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.


கரும்பலகை எழுதியது:

நீங்கள் எல்லாரும் அரசர் சோற்றைச் சாப்பிட்டவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆசிரியை, எனக்குச் சம்பளம் வராதவர்களைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதே அலெக்சாந்திரியாவில் அப்போலோனியஸ் என்றொருவர். டிஸ்கோலஸ் என்று பட்டப்பெயர், அதாவது சிடுமூஞ்சி. படிக்கக் கடினமாக எழுதியதால் வந்தது என்றும் சொல்வார்கள், படித்துப் பார்த்தால் அதுவும் நம்பும்படிதான் இருக்கிறது. பப்பைரஸ் வாங்கக் காசில்லாமல் உடைந்த பானை ஓட்டில் எழுதினார் என்கிறது அவருடைய பழைய வரலாறு. ஒரு வாக்கியத்தில் சொற்கள் எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றன, எது சேராது, ஏன் சேராது என்று நாலு பகுதியாக எழுதிய தொடரியல் நூல் இன்னும் இருக்கிறது. அதற்கு முன் அப்படி ஒரு கிரேக்க நூல் நமக்குக் கிடைக்கவில்லை. சும்மா விதி எழுதுகிறவர் இல்லை அவர். ஒரு தவறான வாக்கியத்தைச் செய்து பார்த்து, காது ஏன் அதை மறுக்கிறது என்று துருவிக்கொண்டே போவார். மூன்று நூற்றாண்டு கழித்து கான்ஸ்டான்டிநோபிளில் லத்தீன் இலக்கணம் எழுதிய பிரிஸ்கியன் இவரைத்தான் பின்பற்றினார், ஐரோப்பா முழுதும் ஆயிரம் ஆண்டு பிரிஸ்கியனைப் படித்தது. பானை ஓட்டில் எழுதியது அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அண்ணன் சொன்ன நாலு பேரில் ஒருவரான ஹெரோடியன் இவர் மகன், கெட்டிக்காரர், ரோமுக்குப் போய், சொற்களின் ஒலிப்பு அழுத்தம் பற்றிய பெரிய நூலை மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசருக்கே படைத்தார். அப்பாவைப் போல ஓடு பொறுக்கவில்லை.

அடுத்து, எனக்கு மிகவும் வேண்டியவர் லோலியானஸ். கி.பி. 253க்கும் 260க்கும் இடையில் ஆக்ஸிரிங்கஸ் நகரத்தின் அரசு இலக்கண ஆசிரியர். நகரசபைதான் நியமித்தது. சம்பளம் ஏட்டில் இருக்கிறது, கைக்கு வருவதில்லை. வந்தாலும் புளித்த திராட்சை மதுவும் புழு அரித்த தானியமும். மனிதர் பேரரசர்கள் வலேரியனுக்கும் காலியேனசுக்கும் நேராக மனு எழுதினார்: சம்பளத்துக்குப் பதில் நகருக்குள் இருக்கும் ஒரு தோப்பைக் கொடுங்கள், அதன் வருமானத்தில் நிம்மதியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன் என்று. மனுவின் வரைவும், அரண்மனையில் இருந்த ஒரு நண்பருக்கு "சகோதரா, இதைக் கொஞ்சம் நகர்த்து" என்கிற தொனியில் எழுதிய கடிதமும் பப்பைரஸில் கிடைத்திருக்கின்றன. தோப்பு கிடைத்தால் 600 அட்டிக் நாணயம் வாடகை வரும் என்று தொகை உட்பட எழுதியிருக்கிறார். ஹோமர் சொல்லிக்கொடுக்கிற மனிதர் மனுவை எவ்வளவு பணிவும் அலங்காரமுமாக எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பல்லடாஸ் இன்னும் மோசம். 4ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா, இலக்கணம் கற்பித்துப் பிழைத்த கவிஞர். ஒரு குறும்பாடலில் சொல்கிறார்: எங்கள் தொழிலின் ஆரம்பமே ஐந்து வரி சாபம். முதல் வரியில் கோபம், அடுத்து கேடு, கிரேக்கர்களின் துன்பம், பாதாளம் போகும் உயிர்கள், கடைசியில் நாயும் பறவையும். ஓரக்குறிப்பு அண்ணன் சொன்ன அதே வரிகள்தான். ஜெனோடோட்டஸ் கோடு போட்டும் அறுநூறு ஆண்டு கழித்துப் பள்ளிக்கூடத்தில் அவற்றைத்தான் நடத்தியிருக்கிறார்கள். இன்னொரு பாடலில், வருஷத்துக்கு ஒரு பொற்காசு என்று பேசிச் சேர்த்த பையன் பதினோராம் மாதத்தில் வேறு ஆசிரியரிடம் ஓடிவிடுகிறான் என்று புலம்புகிறார். பிண்டார், கலிமாக்கஸ் கவிதைப் புத்தகங்களை விற்கப்போகிறேன் என்றும் எழுதினார்.

ஏழை என்றதும் சாது என்று எண்ண வேண்டாம். 391 வாக்கில் செராபிஸ் கோவில் இடிபட்டபோது கிறிஸ்தவர்களுக்கும் பழைய மதத்தாருக்கும் நடந்த தெருச்சண்டையில் ஹெல்லாடியஸ் என்ற இலக்கண ஆசிரியர் ஒன்பது பேரைக் கொன்றாராம். பின்னால் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தப்பி வந்து பள்ளி நடத்தினார், கொன்றதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். இதை எழுதி வைத்தவர் அவரிடமே படித்த திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ். வகுப்பில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.


முதல்வாசகன் எழுதியது:

அக்கா, ஒன்பது பேரா! இனிமேல் இலக்கண வகுப்பு என்றால் எனக்கு ஹெல்லாடியஸ்தான் ஞாபகம் வருவார்.

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று வகை பிரித்த இலக்கணம் எங்கே போனது? நீங்கள் சொல்வதெல்லாம் கவிதை உரையாகவே இருக்கிறது. அப்புறம், இந்தக் கூட்டத்தில் பெண்கள் ஒருவர்கூட இல்லையா?


ஓரக்குறிப்பு எழுதியது:

அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் தம்பி. அரிஸ்டார்க்கஸின் மாணவர் டயோனிசியஸ் திராக்ஸ் இலக்கணத்தை ஆறு வேலையாகப் பிரித்தார்: சரியாக வாய்விட்டுப் படிப்பது, அணிகளை விளக்குவது, அருஞ்சொல்லுக்கும் பழங்கதைக்கும் பொருள் சொல்வது, சொல்லின் மூலம் காண்பது, வடிவ ஒழுங்கை வகுப்பது, கடைசியாகக் கவிதையைத் தீர்ப்பிடுவது. கடைசியைத்தான் எல்லாவற்றிலும் அழகானது என்றார். அவர் பெயரில் உள்ள சின்னக் கையேட்டில் எட்டு வகைச் சொற்கள் வருகின்றன. உரிச்சொல்லுக்குத் தனி இடம் இல்லை, அது பெயருக்குள் அடக்கம். ஆர்மீனிய, சிரிய மொழிகளுக்குப் போய், பைசாண்டியப் பள்ளிகளில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அதையே மனப்பாடம் செய்தார்கள். முன்பகுதி மட்டும்தான் அவருடையது, எட்டு வகையெல்லாம் பிற்காலத்தார் சேர்த்தது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 1958இல் இத்தாலிய அறிஞர் டி பெனடெட்டோ கிளப்பிய வாதம் இன்னும் ஓயவில்லை. பிரதிகளைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட பரம்பரையின் பாடநூலுக்கே ஓபலஸ் விழுந்திருக்கிறது!

இந்த டயோனிசியசும் 145 கலவரத்தில் ஓடியவர்தான், ரோட்ஸ் தீவில் பள்ளி நடத்தினார். அந்த வருஷம் ஓடியவர்களால் தீவுகளும் ஊர்களும் இலக்கணக்காரர், தத்துவக்காரர், ஓவியர், வைத்தியர் என்று நிரம்பின, வறுமையால் தெரிந்ததை ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அதனால் கல்வி மறுபடி தழைத்தது என்கிறார் அதீனியஸ். கொடுங்கோலனால் விளைந்த நன்மை. ரோட்ஸில் இவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பதினோராம் காண்டத்தில் நெஸ்டரின் கிண்ணம் வரும்: நாலு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் இரண்டு புறா. அது எப்படி இருந்திருக்கும் என்று உரைகாரர்கள் அடித்துக்கொண்டார்கள். டயோனிசியஸ் மாணவர்களிடம் வெள்ளி வசூலித்து அந்தக் கிண்ணத்தைச் செய்தே பார்த்துவிட்டார்.

அவரிடம் படித்தவர் டைரானியன். ரோமானியத் தளபதி லுகுல்லஸின் படை கருங்கடல் கரையின் அமிசஸ் நகரைப் பிடித்தபோது கைதியானார். முரேனா என்ற தளபதி அவரைக் கேட்டு வாங்கி, பெரிய மனது பண்ணி விடுதலை கொடுத்தார். புளூட்டார்க்குக்கு இதில் கடும் கோபம்: சுதந்திரமாக இருந்த அறிஞனை அடிமை என்று கணக்கெழுதித்தானே விடுதலை செய்ய முடிந்தது, கொடுத்தது என்ன, பறித்தது என்ன என்று கேட்கிறார். பிறகு ரோமில் நன்றாகவே வாழ்ந்தார். கி.மு. 56இல் சிசரோவின் வீட்டு நூலகத்தை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். வீட்டுக்கே ஓர் அறிவு வந்த மாதிரி இருக்கிறது என்று சிசரோ நண்பருக்கு எழுதினார்.

பெண்கள் உண்டு, ஆனால் ஒரு வரி, அரை வரிதான் மிஞ்சியிருக்கிறது. அலெக்சாந்திரியாவின் ஹெஸ்டியாயா, டிராய்ப் போர் இப்போதைய இலியம் நகரைச் சுற்றித்தான் நடந்ததா என்று கேள்வி எழுப்பினார் என்று ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். கோர்சைரா தீவின் அகல்லிஸ், பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவள் நௌசிக்கா என்று எழுதினார். ஒடிஸியில் நௌசிக்கா வாழும் தீவு கோர்சைராதான் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை, அதனால் ஊர்ப்பாசம் என்று அதீனியஸ் குத்துகிறார். ஹோமர் எங்கள் ஊர் என்று சண்டை போட்ட ஆண்களை அவர் அவ்வளவு குத்தியதாக எனக்கு நினைவில்லை.


எதிர்த்தரப்பு எழுதியது:

ஊர்ச்சண்டை என்றதும் அப்பியன் நினைவுக்கு வருகிறார். கி.பி. 1ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாக்காரர், டைபீரியஸ் பேரரசரே "உலகத்தின் கைத்தாளம்" என்று பெயர் வைத்த அளவுக்குச் சத்தம். ஹோமரின் ஆவியை வரவழைத்து, ஐயா உங்கள் ஊர் எது, பெற்றோர் யார் என்று நேரிலேயே கேட்டுவிட்டாராம். பதில் என்ன? அதை வெளியே சொல்லத் துணியவில்லையாம். பிளினி இளைஞனாக இருந்தபோது இந்த ஆளைப் பார்த்திருக்கிறார். சிங்கத்தின் காலில் முள் எடுத்த ஆண்ட்ரோக்ளிஸ் கதையும் இவர் சொல்லித்தான் நமக்கு வந்தது, ரோமில் கண்ணால் பார்த்தேன் என்றார். நம்புவது உங்கள் இஷ்டம்.


முதல்வாசகன் எழுதியது:

ஓரக்குறிப்பு ஐயா, அந்த வெனிஸ் பிரதியைப் பார்க்க வழி உண்டா? எனக்கு கிரேக்கம் தெரியாது, குறிகளை மட்டும் பார்க்க ஆசை.


ஓரக்குறிப்பு எழுதியது:

உண்டு. ஹோமர் மல்டிடெக்ஸ்ட் என்ற திட்டத்தில் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். வெனிடஸ் ஏ என்று தேடுங்கள். இலியட் தொடங்குவது 12ஆம் தாளின் முன்பக்கத்தில். நடுவில் பெரிய எழுத்தில் இருப்பது பாட்டு, சுற்றிப் பொடியாக இருப்பது உரை. அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் காண்டத்துக்குப் போங்கள். பாட்டுக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் குறிகள் நிற்கும், கோணக்குறிக்குப் புள்ளி இருந்தால் அங்கே ஜெனோடோட்டசுக்கு அடி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரியாமலே சண்டையைப் பின்தொடரலாம். பெரும்பாலான காண்டங்களின் முடிவில் அந்த நாலு பேரின் பெயரையும் எழுதியவர் குறித்திருப்பார். பெரிதாக்கிப் பாருங்கள், கைபேசியில் ஒன்றும் தெரியாது.